புராஸ்டேட் கேன்சர்: ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் மேசை என்னுடையது. புராஸ்டேட்டுக்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த டெஸ்ட்டின் ரிப்போர்ட்டை வாங்குகிறவர்கள் கவரை அங்கேயே பிரிப்பார்கள். தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணையும், பக்கத்தில் இருக்கும் "0 – 4.0" என்ற அளவையும் விரல் வைத்து ஒப்பிடுவார்கள். அப்புறம் வரிசையில் நிற்பவர் காதில் விழாதபடி ஒரு கேள்வி. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி சீட்டோடு வருகிறவரும் தனியார் டாக்டர் சீட்டோடு வருகிறவரும் கேட்பது அநேகமாக ஒன்றுதான். நான் டாக்டர் இல்லை. யூராலஜி (மூத்திரப் பாதை) டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் படித்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி, இந்த புராஸ்டேட்டுங்கது எங்கன இருக்கு?

மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி. மூத்திரக் குழாய் அதன் நடுவே புகுந்து வருகிறது. விந்தோடு கலக்கும் திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. ஆண்களுக்கு மட்டுமே உண்டு. அதன் பின்பக்கம் மலக்குடலை ஒட்டியிருக்கிறது. இந்த இடவிவரம் பின்னால் வரும் பல பதில்களுக்குத் தேவைப்படும்.

ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்கேன். கேன்சரா இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. 60 தாண்டியவர்களுக்கு வயதோடு புராஸ்டேட்டில் வரும் சாதாரணச் சதை வளர்ச்சி, கட்டுப்படாத சுகர், பிரஷருக்குச் சாப்பிடும் நீர் மாத்திரை, கால் வீக்கம், படுக்கப் போகும்போது குடிக்கும் காபி என்று காரணம் நிறைய. முதலில் சுகரைப் பாருங்கள்.

புராஸ்டேட் கேன்சர் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராது. அது அதிகமும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில், குழாயை விட்டுத் தள்ளித் தொடங்குகிறது. அதனால் நீர் போவதைத் தடுக்காது. சதை வளர்ச்சி குழாயைச் சுற்றி உள்ளே வருவதால் முதலிலேயே அடைக்கிறது. மூத்திரத்தில் ரத்தம் வந்தால் மட்டும் காரணம் எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். கல்லாக இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டாம்.

சதை வளந்துருக்குன்னு ஸ்கேன்ல போட்டிருக்கு. விட்டா கேன்சரா மாறிருமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். சதைக்கு ஏற்கனவே ஆபரேஷன் செய்தவர்களும் கவனிக்க: குழாய் வழியாகச் சுரண்டி எடுப்பது உள்சதையை மட்டும்தான். வெளிப்பக்கம் அப்படியே இருக்கிறது. "எனக்குத்தான் புராஸ்டேட்டையே எடுத்தாச்சே" என்று சொல்கிறவர்களில் பலருக்கு அது முழுதாக எடுக்கப்படவில்லை.

எனக்கு பீடி, சாராயம் எதுவும் கிடையாது. எனக்கு எப்படி வரும்?

இந்த நோய்க்கு முதல் காரணம் வயதுதான். 50க்கு முன் அபூர்வம். அப்புறம் வயது ஏற ஏறக் கூடும். அடுத்தது ரத்த சொந்தம். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ஒருவருக்கு மேல் இருந்தால் இன்னும் கூடும். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பிலோ சினைப்பையிலோ கேன்சர் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறு அந்தக் கேன்சர்களுக்கும் புராஸ்டேட் கேன்சருக்கும் பொதுவானது. ஆண் நோய்க்கும் பெண் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் இதைச் சொல்வதே இல்லை.

புகையும் உடல் பருமனும் நோய் வந்தபின் அதை மோசமாக்குகின்றன. ஆகவே பீடி குடிக்காதது நல்லதுதான், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது.

சின்ன வயசுல பண்ண தப்பாலதான் வருதுங்காவளே?

இல்லை. கைப்பழக்கத்தால் வராது. பால்வினை நோய்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்து வீட்டில் மறைப்பதற்கும் அவசியம் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. அது கேன்சரை உண்டாக்குகிறது என்று நிரூபணம் இல்லை.

பி.எஸ்.ஏ. 6.8ன்னு வந்துருக்கு. நாலுக்கு மேல போனா கேன்சர்தானே?

என் மேசையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். கேன்சருக்கென்று தனியாக வருவது அல்ல. எல்லா ஆண்களின் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். சதை பெரிதானாலும், மூத்திரத்தில் கிருமி சேர்ந்தாலும், நீர் அடைத்து ட்யூப் போட்டிருந்தாலும் எண் ஏறும். அமெரிக்கக் கணக்கில் 4க்கும் 10க்கும் இடையே உள்ளவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான், சுரப்பியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும்போது (பயாப்ஸி) கேன்சர் தெரிகிறது. 10க்கு மேல் போனால் பாதிப் பேருக்கு மேல்.

நாலுக்குக் கீழே இருந்தாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2004இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 4க்குள் இருந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருந்தது. ஆகவே இந்த எண் தீர்ப்பு கிடையாது. கிருமி இருந்தால் மருந்து சாப்பிட்டு, சுமார் ஆறு வாரம் விட்டு மறுபடி எடுப்பார்கள். கணிசமான பேருக்கு இரண்டாம் தடவை இறங்கியே வருகிறது.

டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணுமா?

வேண்டாம். ஆனால் முந்திய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம். ரத்தம் எடுக்கும் பிள்ளைகளிடம் பேச வெட்கமாக இருந்தால் இரண்டு நாள் கழித்து வாருங்கள், காரணம் கேட்க மாட்டோம். நீர்க்கடுப்போ காய்ச்சலோ இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சதைக்கு மாத்திரை சாப்பிடுதேன். பி.எஸ்.ஏ. 3.1தான். நிம்மதியா இருக்கலாம்லா?

மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு என்று இருந்தால், ஆறு மாதம் ஒரு வருடத்தில் அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியாக இறக்கிவிடும். அப்போது உங்கள் 3.1ஐ 6 என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடுக்கும் இதே கதைதான். வெறும் டாம்சுலோசின் என்றால் எண் மாறாது. (கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கருவிழிப் பாவையை அது தளர்த்தும். தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.)

அம்பத்தஞ்சு ஆச்சு, ஒரு தொந்தரவும் இல்ல. சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் 'சும்மா' எடுக்காதீர்கள். வாய், மார்பு, கருப்பை வாய்க் கேன்சர்களுக்கு அரசே ஆளைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறது. புராஸ்டேட்டுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு திட்டம் கிடையாது. அலட்சியத்தால் அல்ல, நன்மையும் தீமையும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வருவதால்தான்.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் சாவு 13 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது ஒரு உயிரைக் காக்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது, 12 பேருக்குக் கூடுதலாக நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு பேரில் பலர், கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் வேறு ஏதோ காரணத்தால் முதுமையில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இப்போது அவர்களுக்கு ஆபரேஷனும் அதன் தொந்தரவுகளும்.

55 முதல் 69 வரை டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள், 70க்கு மேல் வழக்கமான சோதனை வேண்டாம் என்பது 2018இன் அமெரிக்கப் பரிந்துரை. ரத்த சொந்தத்தில் நோய் இருந்தால் 40, 45லேயே பேச்சைத் தொடங்கலாம். என் அபிப்பிராயம் கேட்டால்: எண் கூடி வந்தால் அடுத்த படிக்குப் போவேன் என்று முடிவு செய்துகொண்டு ரத்தம் கொடுங்கள். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் சேர்ந்து வந்தது என்பதற்காக எடுத்து, அப்புறம் ஆறு மாதம் தூங்காமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

டாக்டர் பின்பக்கமா விரல் விட்டுப் பாக்கணுங்காவ. ரத்தத்துலதான் தெரிஞ்சுட்டே?

ரத்தத்தில் தெரிந்தது ஒரு எண் மட்டும். முதல் பதிலில் சொன்னபடி சுரப்பியின் பின்பக்கம் மலக்குடலை ஒட்டியிருக்கிறது; கேன்சர் அதிகம் வரும் பக்கமும் அதுவே. கையுறை போட்டு, ஜெல்லி தடவி, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கெட்டியாகக் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தும் விரலுக்குக் கட்டி தட்டுப்படுகிறவர்கள் உண்டு.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணா கேன்சர் கிளம்பிப் பரவிருமே?

ஊரெல்லாம் சொல்வது இது. ஊசி பட்டுப் பரவுவது மிக மிக அபூர்வம். ஏற்கனவே முற்றிய நிலையில் வந்தவருக்குப் பரிசோதனைக்குப் பின் நோய் தெரியவந்ததும், பழி பரிசோதனை மேல் விழுகிறது. அவ்வளவுதான்.

இப்போது பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுகிறார்கள். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்ற சந்தேக அளவு 1 முதல் 5 வரை இருக்கும்; 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. வழக்கமாகப் பன்னிரண்டு இடத்தில் நூல் போன்ற துணுக்குகள் எடுப்பார்கள். சில நாள் மூத்திரத்திலும் மலத்திலும் ரத்தம் வரும். விந்தில் சில வாரம்கூட வரலாம், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால்தான். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து பெட்டுக்காரருக்கும் ஏழுதான், எங்க அப்பாவுக்கும் ஏழுதான். வைத்தியம் மட்டும் ஏன் வேற வேற?

க்ளீசன் எண்ணைச் சொல்கிறீர்கள். மைக்ராஸ்கோப்பில் அதிகமாகத் தெரியும் திசுவுக்கு ஒரு எண், அடுத்ததாகத் தெரிவதற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டுகிறார்கள். 6 என்பது தாழ்ந்த வகை, 10 மூர்க்கமானது. 3+4, 4+3 இரண்டும் கூட்டினால் 7தான். ஆனால் 4 முன்னால் இருந்தால் மோசமான திசு அதிகம் என்று அர்த்தம். அதனால் இப்போது 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்றும் போடுகிறார்கள்: 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3. கூட்டுத்தொகையை விட்டுவிட்டு இந்தக் கிரேடைப் பாருங்கள்.

கேன்சர்னு சொல்லிட்டு மருந்தே தராம அனுப்பிட்டாவ. கைவிட்டுட்டாவளா?

இல்லை. க்ளீசன் 6, நோய் சுரப்பிக்குள்ளேயே, பி.எஸ்.ஏ. 10க்குள் என்றால், கண்காணித்துக்கொண்டே இருப்பதும் ஒரு முறையான சிகிச்சை வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி சதைப் பரிசோதனை. நோய் கிளம்பினால் அப்போது ஆபரேஷனோ கதிர் சிகிச்சையோ செய்வார்கள்.

பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர், ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு என்று 15 ஆண்டு பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மூன்றிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம் மட்டுமே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் மற்ற பிரிவுகளைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அதையும் மறைக்கக் கூடாது. ஒழுங்காக வந்து போகிறவருக்குத்தான் இந்த வழி. 'அடுத்த தடவ பாத்துக்கிடலாம்' என்கிறவருக்கு இது சரிப்படாது.

ஆபரேஷனா, கரண்ட் வைக்கதா? எது நல்லது?

சுரப்பிக்குள் இருக்கும் நோய்க்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பது மேலே சொன்ன ஆய்விலேயே தெரிகிறது. வித்தியாசம் தொந்தரவுகளில்தான். ஆபரேஷனுக்குப் பின் தும்மினால், குனிந்தால் மூத்திரம் சொட்டும். பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் குறைந்துவிடும். இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டால் நல்லது. விறைப்பு பலருக்குக் குறையும். கதிரில் விறைப்பு மெதுவாகக் குறையும். மலம் போகும்போது எரிச்சலும் ரத்தமும் வரலாம்.

கதிருக்கு வாரம் ஐந்து நாள், நாலு முதல் எட்டு வாரம் போக வேண்டியிருக்கும். ராதாபுரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ தினமும் பஸ்ஸில் கதிருக்காக மூத்திரப்பையை நிறைத்து வைத்துக்கொண்டு வந்து போவது பெரும்பாடு. பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்று யோசித்து முடிவெடுங்கள். இருபது தடவையில் முடிக்கும் முறை தனக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

ரோபோ வைத்துச் செய்தால் ரத்தம் குறையும், சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் நீர் சொட்டுவதும் விறைப்பும் நாளடைவில் இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மெஷினை விட, அந்த டாக்டர் இதே ஆபரேஷனை எத்தனை செய்திருக்கிறார் என்பது முக்கியம்.

எலும்புக்குப் போயிட்டு, விதையை எடுக்கணும்ங்காவ. எடுத்தா ஆளே மாறிருவாரோ?

இந்தக் கேன்சர் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் விதையை எடுத்தால் பரவிய நோயும் அடங்குகிறது என்று காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சின்ன ஆபரேஷன், செலவு குறைவு, ஹார்மோன் ஒரே நாளில் இறங்கிவிடும். வேண்டாம் என்றால் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. லியூப்ரோலைடு போன்ற ஊசியில் முதல் சில வாரம் ஹார்மோன் கூடிப் பின்பே குறையும். அதற்காக முன்னதாக மாத்திரை தருவார்கள். ஊசியைத் தவணை தவறவிட்டால் நோய் தலைதூக்கும். வந்து போக ஆள் இல்லாத முதியவருக்கு ஆபரேஷனே தோது.

குரல் மாறாது. ஆசை குறையும், திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வேர்க்கும், தசை குறைந்து கொழுப்பு கூடும், எலும்பு மெலியும், சுகர் ஏறலாம். நடையும் எடை தூக்கும் பயிற்சியும் அவசியம். எலும்புக்குப் போடும் ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இப்போது ஹார்மோன் குறைப்போடு அபிராடெரோன் போன்ற மாத்திரையையும் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்று 2017 முதலே தெரியும். அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்.

முதுகு வலிக்கு எண்ணெய் போட்டுத் தடவுனா சரியாயிரும்லா?

60 வயது தாண்டியவருக்குப் புதிதாக வந்த முதுகு வலி, ராத்திரி படுத்தால் கூடுகிறது, வாரக்கணக்கில் விடவில்லை என்றால், வர்மத் தடவலுக்குப் போகும் முன் எக்ஸ்ரேயும் பி.எஸ்.ஏ.வும் எடுங்கள். இந்த நோய் எலும்புக்குப் பரவும்போது அதிகமும் போவது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும்தான். நோய் அரித்த எலும்பை அழுத்தித் தடவினால் முறியலாம்.

கால் மரத்துப்போனாலோ, திடீரென்று எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, வலியோடு மூத்திரமும் நின்றுவிட்டாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம் அது. இந்தப் பக்கம் முழுவதும் நிதானமாக இருங்கள் என்றே எழுதி வருகிறேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்காரிக்கு ஒட்டுமா?

ஒட்டாது. வெளியிலிருந்து கதிர் வைத்துக்கொண்டவர் பேரப்பிள்ளையையும் தூக்கலாம். கதிர் வீசும் சின்ன மணிகளைச் சுரப்பிக்குள்ளேயே பதித்துக்கொண்டவர்கள் மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் எவ்வளவு நாள் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்த மருந்து சாப்பிட்டா குணமாகாதா? இங்கயே காலேஜ் இருக்கே?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியை மதிக்கிறவன்தான் நான். நெருஞ்சிலும் சிறுபீளையும் நீர் பிரிய நம்மூரில் காலங்காலமாகக் கொடுப்பவை. ஆனால் புராஸ்டேட் கேன்சரைக் குணமாக்குவதாக நிரூபணமான மூலிகை கிடையாது. சாப்பிட்டால் இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும். அபிராடெரோன் ஈரலைப் பாதிக்கக்கூடியது, கூட எது போகிறது என்று தெரியாமல் கஷ்டம். "சத்துக்கு" என்று மருந்துக் கடையில் தானே வாங்கும் வைட்டமின் ஈ மாத்திரையும் வேண்டாம். 35,000 பேரிடம் நடந்த ஆய்வில் அதைத் தினமும் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கேன்சர் 17 சதவீதம் கூடியது, 2011இல் வெளிவந்தது.

செலவுக்கு என்ன செய்ய?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் தயாராக இருக்கட்டும். நோய் உறுதியான பிறகு அலைவதை விட, சந்தேகம் வந்ததுமே கார்டு எடுத்துவிடுங்கள். சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் மையத்துக்கோ போகிறவர்கள் சதைப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால், அங்கே மறுபடி ஊசி போடாமல் அதையே பார்ப்பார்கள்.

அப்பாகிட்ட சொல்லல. நீங்களும் வாய் தவறிச் சொல்லிராதீங்க அண்ணாச்சி.

நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. ஆனால் ஆபரேஷனா கதிரா என்பதும், விதையா ஊசியா என்பதும் அவர் உடம்பைப் பற்றிய தேர்வு. சொல்லாமல் எப்படிக் கேட்பீர்கள்? கையெழுத்து யார் போடுவார்? கரண்ட் வைக்கும் அறைக்குப் போனதும் அவருக்கே புரிந்துவிடும். அதற்கப்புறம் பிள்ளைகள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். டாக்டர் வாயால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்கள். இந்த நோயோடு பத்து, பதினைந்து வருடம் இருப்பவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருசம். பி.எஸ்.ஏ. 0.3. நாலுக்குள்ளதானே இருக்கு?

உங்களுக்கு அந்த நாலு பொருந்தாது. சுரப்பியை முழுதாக எடுத்தபின் பி.எஸ்.ஏ. அநேகமாக இல்லாமலே இருக்க வேண்டும். 0.2 வந்து, மறுபடி எடுத்தும் ஏறினால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தில் கதிர் வைத்தால் பலன் கிடைக்கும். கதிர் மட்டும் வைத்துக்கொண்டவருக்குக் கணக்கு வேறு: சுரப்பி உள்ளே இருப்பதால் எண் பூஜ்யம் ஆகாது. இறங்கிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் கவலை. ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுங்கள். மெஷினுக்கு மெஷின் எண் சற்று மாறும். இவ்வளவு சின்ன எண்களில் அந்த மாற்றமே ஆளைக் குழப்பிவிடும்.